ரயில் நேரத்துக்கு வந்துச்சாம்!

"ஒரு அஞ்சு வருஷம் எமர்ஜென்சி போட்டாத்தான் இந்த நாடு உருப்படும். அப்பல்லாம் ரயில் கரெக்டா வந்துச்சு." ஓசூர் பஸ்லயும் கேக்குறேன், பெங்களூருக்கு வேலைக்குப் போற படிச்ச தம்பிங்க வாட்ஸ்அப்லயும் பாக்குறேன்.

ரயில் வந்துச்சு, சரி. கூடவே என்னென்ன வந்துச்சு?

1975 ஜூன் 25 ராத்திரி தொடங்கி 21 மாசம். விசாரணை இல்லாம உள்ள போனவங்க ஒரு லட்சத்துக்கும் மேல. எதிர்த்து நின்ன திமுக ஆட்சியை 1976 ஜனவரி 31ல கலைச்சாங்க. மிசாவுல சென்னை ஜெயிலுக்குப் போன சிட்டிபாபு அங்க அடிபட்டார். 1977ல செத்தே போனார். நம்ம எல்லையைத் தாண்டினா பெங்களூரு ஜெயில். அங்க 'சம்ஸ்காரா' பட நடிகை ஸ்நேகலதா ரெட்டியை ஆஸ்துமாவோட எட்டு மாசம் அடைச்சு வச்சாங்க. வெளிய வந்த கொஞ்ச நாள்ல அந்தம்மா உயிர் போயிடுச்சு. கோர்ட்டுக்குப் போகலாமான்னா, அந்த வழியும் இல்லைன்னு உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிச்சு. அஞ்சு நீதிபதியில கன்னா ஒருத்தர்தான் மாட்டேன்னார்.

இன்னொண்ணு கவனிங்க. மிசா எமர்ஜென்சில பொறந்த சட்டம் இல்ல. 1971லயே, நாட்டுப் பாதுகாப்புக்குன்னு பார்லிமென்ட்ல நிறைவேத்தினது. நாலே வருஷத்துல எதிர்க்கட்சிக்காரன் கழுத்துக்கு வந்துச்சு.

நம்ம குண்டர் சட்டமும் அதே கதைதான். 1982ல சாராயம் காய்ச்சுறவனுக்கும் ரவுடிக்கும்னு கொண்டாந்தாங்க. 2023 நவம்பர்ல, செய்யாறு பக்கம் மேல்மாவுல சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம்னு போராடின ஏழு பேர் மேல பாய்ஞ்சுச்சு. ஊரே கொதிச்சப்புறம்தான் ஆறு பேர் மேல ரத்து பண்ணாங்க. மிசாவுல உதை வாங்கின அதே கட்சி ஆட்சியில! சிப்காட்டுக்குப் பக்கத்துல நிலம் வச்சிருக்கிற எங்களுக்கு இது வெறும் பேப்பர் செய்தி இல்லைங்க.

இலங்கையில 2011ல எமர்ஜென்சியை எடுத்தாங்க. ஆனா 1979ல தற்காலிகம்னு சொல்லிக் கொண்டாந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்பவும் போகல. தென்கொரியாவுல 2024 டிசம்பர் 3 ராத்திரி அதிபர் ராணுவச் சட்டம்னார். சனங்க நாடாளுமன்ற வாசல்ல கூடிட்டாங்க, உள்ள 190 எம்.பி.க்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க. விடியறதுக்குள்ள வாபஸ். களையை முளையிலயே கிள்ளுறதுன்னா இதான்.

அதனால தம்பிங்களா, ரயில் லேட்டுன்னா ரயில்வேயைக் கேளுங்க. கேக்குற வாயையே பூட்டுற சட்டத்தைக் கேக்காதீங்க.