துடும்பு முழங்குகிறது, பதிவில் கரகரப்பதேன்?

மாசி மாதம் பிறந்துவிட்டால் கோவை ராஜ வீதிக்குத் தனிக் களை வந்துவிடும். கோனியம்மன் தேரோட்டத்தன்று அங்கே எள் போட்டால் எள் விழாது. மேளத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. தவில் ஒரு பக்கம், பம்பையும் உறுமியும் இன்னொரு பக்கம், பறை வேறொரு பக்கம். இவற்றுக்கு நடுவே துடும்புக் குழு ஒன்று வந்து நின்று குச்சியைப் போட்டால், அருகில் நிற்பவரின் நெஞ்சுக்கூடு அதிரும். காதால் கேட்கிற இசை பாதி, உடம்பால் கேட்கிற இசை பாதி!

அந்த முழக்கத்தைச் சுற்றி நூறு கைகள் உயர்கின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு செல்பேசி. வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டால் என்ன கேட்கிறது? தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். துடும்பும் இல்லை, தவிலும் இல்லை. இரண்டும் கலந்த ஒரு கரகரப்பு. "மேளம் சரியில்லை போலிருக்கிறது" என்று, நேரில் கேட்காதவர் சொல்லிவிடுகிறார். பழி அடித்தவர் தலையில் விழுகிறது.

இது சிறிய விஷயம் அல்ல. கொங்கு நாட்டின் மேள அடிகளுக்கு ஏடு கிடையாது. அவை கையிலும் காதிலும் இருக்கின்றன. தகப்பன் அடிக்க மகன் கேட்டு வருகிற வித்தை அது. மகன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. அப்புறம் மிஞ்சுவது பதிவுதான். அதுவும் கரகரப்பாக இருந்தால், அடுத்த தலைமுறை எதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும்?

ஒரு நல்ல பதிவு என்ன செய்யும் என்பதற்குக் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையமே சாட்சி. 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆராய்ச்சிப் பெண்மணி அங்கே தங்கியிருந்தார். பொன்னர் சங்கர் கதையை, அதாவது அண்ணன்மார் கதையை, உடுக்கைப் பாட்டுக்காரர் 18 இரவுகள் பாட, அதை அவர் நாடாவில் பதிந்தார். அந்த நாடாவிலிருந்து எழுதி எடுத்த கதை, தமிழும் ஆங்கிலமுமாக 1992-ல் சென்னையில் புத்தகமாகவே வெளிவந்தது. பல தலைமுறைகள் வாய்மொழியாக வந்த பாட்டு, ஒரு நாடாவினால் அச்சேறிற்று. உடுக்கைப் பாட்டு என்பதால் அந்தக் காரியம் கொஞ்சம் எளிது. முப்பது பேர் சேர்ந்து அடிக்கிற மேளத்துக்கு இன்னும் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும்.

கரகரப்பு எங்கே பிறக்கிறது?

ஒலி மூன்று வாசல்களைத் தாண்டிப் பதிவாகிறது. முதல் வாசல் மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வும் அதனோடு சேர்ந்த சிறு மின்பகுதியும். இரண்டாவது, அந்த மின்சாரத்தைப் பெருக்குகிற பகுதி. மூன்றாவது, அதை எண்களாக மாற்றுகிற பகுதி. இந்த மூன்றில் எந்த வாசலில் இடித்துக்கொண்டாலும் ஒலி அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். அந்த வெட்டுதான் கரகரப்பு. வெட்டுண்ட தலையைப் பிறகு எந்த வித்தையாலும் அப்படியே ஒட்டவைக்க முடியாது.

செல்பேசியில் போதாக்குறைக்கு இன்னொரு தொல்லை. அது பேச்சுக்காகச் செய்யப்பட்ட சாதனம். சத்தம் கூடினால் தானே குறைத்துக்கொள்ளும். சத்தம் ஓய்ந்தால் தானே ஏற்றிக்கொள்ளும். துடும்பின் ஓர் அடி விழுந்ததும் நாதஸ்வரம் அமுங்கிப்போகிறது. அடுத்த கணம் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. பதிவு முழுவதும் இந்த ஏற்ற இறக்கம். இசையின் ஏற்ற இறக்கமோ காணாமற் போய்விடுகிறது.

டேப் ரிக்கார்டர் காலத்தில் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முள் சிவப்புக் கோட்டை எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஏற்றி வைப்பார்கள். நாடாவுக்கே உரிய இரைச்சலை அமுக்குவதற்கு அது தேவைப்பட்டது. கொஞ்சம் மிஞ்சினாலும் நாடா பொறுத்துக்கொள்ளும். எண் முறைப் பதிவில் அந்தக் கருணை கிடையாது. பூஜ்யம் என்ற கோடு கூரை. அதில் முட்டினால் மண்டை உடைந்தது உடைந்ததுதான். ஆனால் 24 பிட் பதிவில் அடியில் ஏராளமான இடம் இருக்கிறது. ஆகவே மேளத்தின் உச்ச அடி கூரைக்கு 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஒத்திகையில் அடிப்பதைவிட சாமி புறப்படுகிற நேரத்தில் ஓங்கி அடிப்பார்கள் என்பதை மறக்கக்கூடாது. ஒத்திகையைப் பார்த்து அளவு வைத்து ஏமாந்தவர்கள் அநேகம்.

இப்போது 32 பிட் ஃப்ளோட் என்ற முறையில் பதியும் கருவிகள் வந்திருக்கின்றன. அளவு வைக்கவே தேவையில்லை என்று கடைக்காரர் சொல்லுவார். பாதி உண்மை. இரண்டாவது, மூன்றாவது வாசல்களை அது பெரும்பாலும் அகலமாக்கிவிடுகிறது. முதல் வாசலில், மைக்கிலேயே வெட்டுப்பட்ட ஒலியை அதுவும் காப்பாற்றாது.

மைக்கும் தூரமும்

எனவே பணத்தை முதலில் போடவேண்டிய இடம் மைக். மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கிற டைனமிக் வகை மைக் முரட்டுப் பிள்ளை. உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும்தான். பெரிய முழக்கத்தையும் தாங்கும். 1965-ல் வெளிவந்த ஷூர் எஸ்.எம். 57 இன்றும் உலகெங்கும் முரசின் முன்னே நிற்பதற்குக் காரணம் இதுதான். கண்டென்சர் வகை நுட்பமானது. சலங்கையின் கிணுகிணுப்பும் நாதஸ்வரத்தின் ஜீவனும் அதில்தான் நன்றாக விழும். ஆனால் அதை வாங்கும்போது, எத்தனை டெசிபல் வரை தாங்கும் என்று விவரச் சீட்டில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். 130-க்கு மேல் இருந்தால் துணிந்து வாங்கலாம். ஒலியை 10 அல்லது 20 டெசிபல் குறைக்கும் விசை இருந்தால் இன்னும் சிலாக்கியம்.

எந்த மைக் ஆனாலும் காசு செலவில்லாத ஒரு வைத்தியம் உண்டு. தள்ளி நிற்பதுதான் அது! வெட்டவெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஒலி 6 டெசிபல் குறையும். மேளத்துக்கு 1 மீட்டரில் நிற்கிறவர் 8 மீட்டருக்குப் போனால் 18 டெசிபல் மிச்சம். வீதியில் இரு பக்கச் சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. ஆனாலும் நல்ல லாபம். தள்ளி நின்றால் முப்பது மேளமும் ஒன்றாகச் சேர்ந்து விழும். பக்கத்தில் நின்றால் எதிரே நிற்கிற ஒருவரின் மேளம் மட்டும்தான். அதற்காக அடுத்த தெருவுக்குப் போய்விடக் கூடாது. அங்கே பலூன்காரர் ஊதலும் பஸ் ஹாரனும்தான் பதிவாகும். ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு கம்பத்திலோ திண்ணையிலோ மைக்கை ஏற்றி வைத்தால் கூட்டத்தின் பேச்சும் தணியும்.

கோவைக்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசுகிற காற்று உடம்புக்கு இதம், மைக்குக்கு எமன். மைக்கோடு வருகிற பஞ்சு உறை அதற்குப் போதாது. நாய்க்குட்டி போல உரோமம் வைத்த உறை விற்கிறது. அதைப் போடத்தான் வேண்டும். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

வள்ளிக் கும்மி போன்ற நிகழ்ச்சியில் பாட்டு ஆசிரியர் மைக்கில் பாடுவார். அப்போது ரேடியோ செட்டுக்காரரிடம் நயமாகப் பேசி, அவருடைய மிக்ஸரிலிருந்து ஓர் இணைப்பு வாங்கிக்கொள்வது நல்லது. குரல் சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் அந்த இணைப்பை மைக் துளையில் சொருகிவிட்டால் போச்சு. மைக்கைவிடப் பல நூறு மடங்கு பலமான மின்னோட்டம் அது. லைன் என்று போட்ட துளையில்தான் சொருக வேண்டும். ஜெனரேட்டர், சீரியல் பல்பு உபயத்தில் 'உம்' என்ற ரீங்காரம் வந்தால், நடுவே ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மரைப் போட்டால் அடங்கும். மிக்ஸரில் குரல் இருக்கும், மேளம் இராது. ஆகையால் தூரத்து மைக்கும் தனியே ஓடவேண்டும். பிறகு இரண்டையும் கலக்கும்போது, 34 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் ஒலி பத்தில் ஒரு பங்கு வினாடி பிந்தி வந்திருக்கும். அதை முன்னே நகர்த்தாவிட்டால் பாட்டுக்குப் பின்னால் கும்மி ஓடிவருவது போல இருக்கும்.

பதிவு செய்பவரின் காதையும் கவனிக்க வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடந்தான்! திருவிழா மேளம் விடிய விடிய நடக்கிறது. காதில் அடைப்பான் வைத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு? மேளக்காரர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் புண்ணியம்.

கமிட்டிகள் கவனிக்கட்டும்

ஒலிப்பதிவு கோவைக்குப் புதிதல்ல. 1930-களில் சென்ட்ரல் ஸ்டுடியோவும், 1940-களில் பட்சிராஜா ஸ்டுடியோவும் இங்கேதான் எழுந்தன. 1954-ல் வந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜாவின் படம். சினிமாப் பாட்டை அவ்வளவு சிரத்தையாகப் பதிந்த ஊரில், அம்மன் சந்நிதி மேளத்தைப் பதிய ஆள் இல்லை என்பது எப்படிப் பொருந்தும்?

ஒரு திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஆகிற செலவு ஒரு நாழிகையில் புகையாகிறது. அதில் ஒரு பகுதியை ஒதுக்கினால், இரண்டு நல்ல மைக், ஒரு பதிவுக் கருவி, உரோம உறை எல்லாம் கமிட்டிக்கே சொந்தமாகிவிடும். வருஷா வருஷம் உதவும். ஸ்டீரியோவில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிந்தால் மணிக்குச் சுமார் 1 ஜிகாபைட்தான். இரவு முழுவதும் பதிந்தாலும் விரல் நகத்தளவு அட்டை ஒன்று போதும். மாற்று பாட்டரி மட்டும் கைவசம் இருக்க வேண்டும். உள்ளூர்க் கல்லூரி மாணவர் இருவரை இதற்கு நியமித்தால் உற்சாகமாகச் செய்வார்கள்.

மேளக்காரரைக் கேட்டுக்கொண்டு பதிவு செய்யவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம். பதிவின் தொடக்கத்தில் ஊர், கோயில், தேதி, அடித்தவர்கள் பெயர், அடியின் பெயர் இவற்றை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்துவிட்டால், ஐம்பது வருஷம் கழித்துக் கேட்பவர் திண்டாட மாட்டார். மறுநாளே ஒரு பிரதியைக் குழுத் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். விழா முடிந்து கூலியும் வேட்டி துண்டும் கொடுக்கிற தட்டிலேயே அதையும் வைத்துக் கொடுக்கலாம்.