ஒரு பக்க மூக்கடைப்பு

பனிக்காலம் தொடங்கிவிட்டால் நம்மவர் வீடுகளில் பீனிசப் பேச்சும் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஆவி பிடித்தாலே போதும். ஆயினும், ஒரு பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்காக அடைத்திருந்து, இடையிடையே இரத்தமும் கசிந்தால் அதனைப் பீனிசமென்று ஒதுக்கிவிடலாகாது.

அண்மையில் பெரியவர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளராக வைத்தியசாலைக்குச் சென்றிருந்தோம். அவருக்கு மூக்கினுள் வளர்ந்திருந்த சதையின் பெயர் தலைகீழ் பப்பிலோமா. மேற்றோல் வெளியே வளராது உள்நோக்கி மடிந்து வளர்வதால் இப்பெயர். முதற்தடவை அவருடைய பன்னிரண்டு வயதுப் பேத்தியே மொழிபெயர்த்திருக்கிறாள். “புற்றுநோயில்லை” என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர் எழுந்து வந்துவிட்டார். மிகுதியைச் சொல்லச் சிறுமியிடம் தமிழ் இருக்கவில்லை. (அது அவள் குற்றமன்று, கற்பிக்கத் தவறிய நமது குற்றம்.)

அந்த மிகுதியே முக்கியமானது. இவ்வளர்ச்சி அருகிலுள்ள எலும்பை அரிக்கக்கூடும். வேர்கொண்ட இடத்தையும் சேர்த்து அகற்றாவிடில் மீண்டும் வளரும். நூற்றுக்கு 5 முதல் 15 வரையானோரில் புற்றுநோய் சேர்ந்தே காணப்படுகிறது, அல்லது பின்னர் தோன்றுகிறது. ஆதலால் மூக்குத் துவாரத்தினூடாக உள்நோக்குக் கருவியைச் செலுத்திச் சத்திரசிகிச்சை செய்வர். அதன் பின்னரும் பல ஆண்டுகள் பரிசோதனைக்குச் செல்லவேண்டும்.

பதின்பருவ ஆண்பிள்ளைகளுக்கு இதே அறிகுறிகள் தோன்றினால் தாமதம் கூடாது. அது இரத்தக்குழாய்கள் செறிந்த வேறொரு கட்டியாகவும் இருக்கலாம். ஸ்கான் எடுத்துப் பாராமல் அதில் வைத்தியர்கள் கைவைப்பதில்லை.

பெரியவர் இப்போது சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிட்டுவிட்டார். அடுத்த தவணைக்கும் நம்மையே வரச்சொல்லியிருக்கிறார். பேத்திக்கு அன்று பாடசாலை.