சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் முகவரி என்றால் ஒரு பிளாக் எண். வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் உண்டு. ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போன வீடு அது. கொல்லையில் தண்ணீர் ஊற்றி வளர்த்த பலாமரம் அடுத்து வருகிறவருக்கு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு விட்டுப்போக அந்த மரம்கூடக் கிடையாது. ஒட்டியும் ஒட்டாமலும் வாழப் பழக்கும் ஊர் இதைப்போல வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

இந்த ஊர் எழும்பியதே இன்னொரு பற்றை அறுத்துத்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1956இல் அதை வெட்டியெடுக்க என்.எல்.சி. நிறுவனம் உருவானது. மறு ஆண்டு நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கிராமங்கள் பெயர்ந்தன. 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவி கிராமத்தில் சுரங்கத்துக்காக நெற்பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியபோது, அந்தப் பிரிவு இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது. இழப்பீட்டுக் கணக்கில் சென்ட்டும் ஏக்கரும் ஏறும். குலதெய்வத்தை விட்டுவந்தவரின் மனசு ஏறாது.

அதை ஏற்றவேண்டியது சிறுகதை. நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்துக்கு அந்த வித்தை தெரியாததல்ல. புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் (பின்னால் திருநெல்வேலி அவரைச் சொந்தம் கொண்டாடியது வேறு விஷயம்). ஜெயகாந்தன் 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர்.

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' கதையில் கல்லிலிருந்து எழுந்த அகலிகை மறுபடி குடித்தனம் நடத்தப் பார்க்கிறாள். ஊர்ப் பேச்சு விடவில்லை. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது ராமன் என்று கேட்டதும் மனம் இறுகி மீண்டும் கல்லாகிறாள். கோதமன் துறவியாகிப் போகிறான். அந்தத் துறவைப் புதுமைப்பித்தன் ஞானமென்று கொண்டாடவில்லை. குடும்பம் தோற்ற இடத்தில் மிஞ்சிய வழி அது, அவ்வளவுதான். ஜெயகாந்தனின் 'குருபீடம்' நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. அதில் வரும் பிச்சைக்காரனுக்கு எதிலும் பிடிப்பில்லை. ஆனால் அது துறவல்ல, வெறும் சோம்பல். ஒருவன் வந்து குருவே என்றழைத்துச் சோறு போட்டுப் பணிவிடை செய்ய, அந்த ஓர் உறவில் அவன் மாறிப்போகிறான்.

துறவும் உறவும் ஒன்றாக இருப்பது பக்கத்து வடலூரில் கதையே அல்ல. துறவியான வள்ளலார் 1867இல் பசித்தவர்களுக்காகத் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது.

பற்றை விடு என்று உபதேசம் செய்யும் கதைகள் போதும், போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டன. விடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிப்பவர்களின் கதைதான் நெய்வேலிக்கு வேண்டும். புத்தகக் கண்காட்சிக்குப் பேர்போன ஊர் இது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்களும் நிலத்தைக் கொடுத்தவர்களும் எழுதும் கதைகளை ஒரே தொகுப்பாக அங்கே வெளியிடலாம். அடுத்த கண்காட்சிக்கே என்.எல்.சி. அதைத் தொடங்கட்டும்.