பழைய ஏர் கம்ப்ரசர் வாங்கப் போகிறீர்களா?

வேப்பந்தட்டை பகுதியில் பருத்திக்கு மருந்து தெளிக்கும்போது நாசில் அடைத்தால், கழற்றி வாயால் ஊதுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். பூச்சிக்கொல்லியை உதட்டில் வைப்பதற்குச் சமம் அது. கொட்டகையில் சின்னதாக ஒரு ஏர் கம்ப்ரசர் இருந்தால் நாசிலைக் கழுவிக் காற்றில் ஊதிவிடலாம். மக்காச்சோளத் தூசி அடைத்த ரேடியேட்டர், டிராக்டர் டயர் என்று மற்ற வேலைகளும் ஆகும். ஆகவே வாங்குங்கள் என்பதே என் கருத்து. பழையதாக வாங்கினாலும் தவறில்லை. ஆனால் எதைப் பழையதாக வாங்குவது என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்.

நம் பாறை நிலத்து போர்வெல்களில் ஒரு காலத்தில் கம்ப்ரசர் வைத்துத்தான் தண்ணீர் எடுத்தார்கள். எடுக்கும் தண்ணீருக்கு மின்சாரம் அதிகம் தின்னும் முறை என்பதால், நீர்மூழ்கி மோட்டார் பரவியதும் பல ஓரங்கட்டப்பட்டன. அப்படிக் கழற்றியது மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்காதீர்கள். மணிக்கணக்கில் நிற்காமல் ஓடி, காற்றை நேராகக் குழாய்க்குள் தள்ளிய யந்திரம் அது. அழுத்தம் நிரம்பியதும் தானே நிறுத்தும் பிரஷர் சுவிட்சும், சேஃப்டி வால்வும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அவற்றைப் பொருத்தாமல் ஓட்டவே கூடாது.

யந்திரத்தின் தலை தேய்ந்ததா என்று அறிய ஒரு கடிகாரம் போதும். டேங்கைக் காலி செய்து, பூஜ்யத்திலிருந்து 100 பிஎஸ்ஐ வரை ஏற எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 160 லிட்டர் டேங்கில் அந்த அளவுக்கு ஏறச் சுமார் 1,090 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். 2 ஹெச்பி யந்திரம் 6 நிமிடத்தில் ஏற்றினால் நிமிடத்துக்கு 180 லிட்டர், நல்ல நிலை. 10 நிமிடம் ஆனால் ரிங்கோ வால்வோ போய்விட்டது. விலையைக் குறைத்துக் கேளுங்கள், அவை மாற்றக்கூடியவைதான். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

டேங்க் விஷயம் அப்படியல்ல. காற்றிலுள்ள ஈரம் அடியில் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே புதுப் பெயின்ட் அடித்தால் ஒன்றும் தெரியாது. அடியிலுள்ள வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். செந்தூளோடு தண்ணீர் வந்தாலோ, அடிப்பக்கம் வெல்டிங் ஒட்டு இருந்தாலோ வேண்டாம். துருவில் மெலிந்த டேங்க் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கடினம். சோதிப்பதென்றால் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, தெரிந்தவர்தான் சோதிக்க வேண்டும். தண்ணீர் காற்றைப்போல் சுருங்காததால் உடைந்தாலும் சிதறாது. பழைய கேஸ் சிலிண்டரை டேங்காக மாற்றித் தருகிறேன் என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். என்னைக் கேட்டால், தலையைப் பழையதாகவும் டேங்கைப் புதிதாகவும் வாங்குவேன்.

பம்புசெட்டின் இலவச மின்சாரத்தில் இதை ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அனுமதித்த பயனுக்கு வெளியே பயன்படுத்தினால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் விழும். வீட்டு இணைப்பு ஒற்றை பேஸ் என்றால் அதற்கேற்ற மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள். ஏர் ஃபில்டரை ஊதும்போது 30 பிஎஸ்ஐக்கு மேல் வைக்காதீர்கள், உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். தாள் கிழிந்தால் தூசி நேராக இன்ஜினுக்குள் போகும்.