சீட்டு மேஜையில் ஜெயிப்பது யாரு? கமிஷன் கணக்கைப் பாருங்க!

மதுரை:-

போக்கர், ரம்மி ஆடுபவர்களிடம் "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொல்வார்கள். ஆனால் எந்த மேஜையிலும் தோற்காத ஒருவர் உண்டு. அவர் சீட்டைக் கையில் தொடுவதே இல்லை. அவர்தான் மேஜை போட்டவர்!

ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் எடுக்கும் சின்ன கமிஷன்தான் இந்தத் தொழிலுக்கு உயிர். அந்த கமிஷனுக்கு மேல் வரி ஏறினால் என்ன ஆகும்? ஆடுகிறவர் கையில் கூலிக் காசு குறைந்தால் என்ன ஆகும்? இரண்டுக்கும் கடந்த சில வருஷங்களில் பதில் கிடைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் காசினோ கிடையாது. கோவாவிலும் (மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்கள் உட்பட), சிக்கிமிலும்தான் சட்டப்படி நடக்கிறது. நம்ம ஊருக்கு அது செல்போன் வழியாக வந்தது. கோவா கப்பலில் கோட் போட்டவர் ஆடிய அதே போக்கரை, மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்தவரும் ஆடலாம் என்று ஆனது.

மூவாயிரம் எங்கே போச்சு?

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒரு மேஜையில் 6 பேர். ஆளுக்கு 500 ரூபாய். மொத்தம் 3 ஆயிரம்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சராசரியாக 200 ரூபாய் சேருகிறது. அதில் மேஜைக்காரர் 5 சதவீதம் எடுக்கிறார். வெறும் 10 ரூபாய்தான். ஒரு டீ காசு! போக்கரில் இதற்கு 'ரேக்' என்று பேர்.

மணிக்கு 30 ஆட்டம் ஓடினால் 300 ரூபாய். 10 மணி நேரத்தில் 3 ஆயிரம் ரூபாய். மேஜைக்கு வந்த பணம் மொத்தமும் காலி! 6 பேரில் யார் கெட்டிக்காரர் என்பதே அப்புறம் பேச்சு இல்லை.

அப்படியும் ஆட்டம் நிற்பதில்லையே, எப்படி? தோற்றவர் மறுபடி பையில் கை விடுகிறார். புதுசாக ஒருவர் வந்து உட்காருகிறார். அம்புட்டுதான் ரகசியம். வெளியில் இருந்து புதுக் காசு வரும் வரைதான் மேஜை உயிரோடு இருக்கும்.

செல்போனில் இது இன்னும் வேகம். சீட்டைக் கலைக்க நேரம் தேவையில்லை. ஒரே ஆள் இரண்டு, மூன்று மேஜையில் ஆடலாம். ஆட்டம் கூடக்கூட கமிஷனும் கூடும்.

அந்தக் காலத்திலேயே 5 சதவீதம்!

இது நேற்று முளைத்த வித்தை இல்லை. கவுடில்யரின் அர்த்த சாஸ்திரத்திலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. சூதாட்ட இடத்தைக் கவனிக்கும் அதிகாரி, ஜெயித்தவர் பணத்தில் 100-க்கு 5 எடுக்க வேண்டும். காய்களுக்கும், இடத்துக்கும், தண்ணீருக்கும் வாடகை தனி!

சுப்ரீம் கோர்ட் போட்ட கோடு

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்தக் கட்டணம்தான் முக்கியம். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1968-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. செகந்திராபாத்தில் ஒரு கிளப் பற்றிய வழக்கு அது.

சீட்டுக்கட்டு, மேஜை, மற்ற வசதிகளுக்காக கிளப் கட்டணம் வாங்குவது தப்பில்லை. ஆனால் ஆட்டப் பணத்தில் இருந்து கிளப்காரர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

மனமகிழ் மன்றம் என்று போர்டு மாட்டிய பல இடங்களில் போலீஸ் நுழைவதும், கோர்ட்டுக்குப் போவதும் இந்தக் கோட்டை வைத்துத்தான். பணம் வைத்து ரம்மி ஆடினால் போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2012-ல் சென்னை ஐகோர்ட் சொன்னதும் கிளப்காரர்கள் ஆடிப்போனார்கள்.

வரி ஏறியது... லாபம் போனது

அடுத்த அடி வரியில் வந்தது. முன்பு ஆன்லைன் ரம்மி, போக்கர் கம்பெனிகள் தாங்கள் எடுத்த கமிஷனுக்கு மட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டி வந்தன. 2023 அக்டோபர் 1 முதல் கணக்கே மாறியது. ஆடுபவர் போடும் முழுப் பணத்துக்கும் 28 சதவீதம்!

நீங்கள் 100 ரூபாய் போடுகிறீர்கள். அது சுற்றிச் சுற்றி ஆடியதில் கம்பெனிக்கு மொத்தம் 20 ரூபாய் கமிஷன் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் வரி 3 ரூபாய் 60 காசு. புது முறையில் அந்த 100-க்குள் வரி மட்டும் சுமார் 22 ரூபாய். அதாவது, சம்பாதித்ததை விட வரி அதிகம்!

இந்த வரியை ஆடுபவர் தலையில் கட்டினால், 100 ரூபாய் போட்டவருக்கு 78 ரூபாய்க்குத்தான் ஆட்டம். உட்காரும் முன்பே 22 ரூபாய் நஷ்டம் என்றால் எவர் வருவார்? அதனால் பல கம்பெனிகள் 'போனஸ்' என்ற பேரில் வரியைத் தாங்களே சுமந்தன. எம்.பி.எல். கம்பெனி இந்த வரியைக் காரணம் காட்டி 2023 ஆகஸ்டில் சுமார் 350 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

காசினோக்களும் தப்பவில்லை. கோவா கப்பல்களை நடத்தும் டெல்டா கார்ப் கம்பெனிக்கு 2023 செப்டம்பரில் சுமார் 11 ஆயிரத்து 139 கோடி ரூபாய் கேட்டு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போனது. 2025 செப்டம்பர் 22 முதல் காசினோ வரி 40 சதவீதம் ஆனது.

ஜெயித்தவருக்கும் நிம்மதி இல்லை. ஆன்லைனில் ஜெயித்த நிகரப் பணத்தில் 30 சதவீதம் வருமான வரி பிடிக்கும் முறை 2023 ஏப்ரலில் வந்தது.

கூலி குறைஞ்சா முதல்ல எழுவது யாரு?

பொருளாதாரம் படுத்தால் பெரிய ஆட்டக்காரர் முதலில் போவதில்லை. பொழுதுபோக்குக்கு வந்து தோற்கும் சின்ன ஆள்தான் முதலில் எழுவார். கட்டட வேலை நின்றாலும், வைகையில் தண்ணீர் இல்லாமல் நடவு தள்ளிப்போனாலும் அவர் கை சுருங்கிவிடும்.

அவர் போனபின் மேஜையில் மிஞ்சுவது கெட்டிக்காரர்கள் மட்டும். ஒருவரை ஒருவர் ஜெயிக்க முடியாது. கமிஷன் மட்டும் கரைந்துகொண்டே இருக்கும். கடைசியில் அவர்களும் எழுந்துவிடுவார்கள்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸிலேயே இந்தக் கதைதான். 2020 கொரோனாவில் மூடிய பல போக்கர் அறைகள் திரும்பத் திறக்கவே இல்லை. போக்கர் மேஜைக்கு சீட்டு போட ஒரு ஆள், சம்பளம், பெரிய இடம் எல்லாம் வேண்டும். வருவதோ கமிஷன் மட்டும். அதே இடத்தில் காசு மெஷினை வைத்தால் சம்பளமும் மிச்சம், வருமானமும் அதிகம்.

மதுரையில் எழுந்த குரல்

ஆன்லைன் ரம்மியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று 2020 ஜூலையில் ஐகோர்ட் மதுரைக் கிளையில் நீதிபதி பி.புகழேந்தி கருத்து சொன்னார். பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த நேரம் அது. தமிழக அரசின் முதல் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் ஐகோர்ட் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் இரண்டாவது சட்டம் வந்தது. அதே வருஷம் நவம்பரில் ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் ஐகோர்ட் நீக்கியது. 2025-ல் ஆதார் கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்ற விதிகள் வந்தன.

கடைசியில் மத்திய அரசே பூட்டு போட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். டிரீம் லெவன், எம்.பி.எல்., போக்கர்பாஸி எல்லாம் சில நாளிலேயே பண ஆட்டத்தை நிறுத்தின. வருஷத்துக்கு சுமார் 45 கோடி பேர் 20 ஆயிரம் கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று மத்திய அரசு தரப்பில் அப்போது கணக்கு சொல்லப்பட்டது.

பூட்டிய கதவுக்குப் பின்னால்...

மேஜை மூடினாலும் ஆசை மூடாது. வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக லிங்க் அனுப்பி வெளிநாட்டு ஆப்களுக்கு ஆள் பிடிக்கும் வேலை நடக்கிறது. வரி கட்டாதவர்களுக்கு நஷ்டம் ஏது? கமிஷன் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஜெயித்த பணத்தைக் கொடுக்காவிட்டால் கேட்க ஆபீசும் இல்லை.

"கொஞ்சம் திறமை இருந்தா பொழச்சுக்கலாம்" என்று எவராவது சொன்னால் அந்த 10 ரூபாய் கணக்கை நினைத்துப் பாருங்கள். திறமை பக்கத்தில் உட்கார்ந்தவரைத் தோற்கடிக்கலாம். கமிஷனையும் சேர்த்து ஜெயிப்பது ரொம்பச் சிலரால்தான் முடியும்.

ஆன்லைனில் பணம் ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் கிரைம் போலீசுக்குச் சொல்லுங்கள். ஆட்டத்தை விட முடியாமல் மனசு தவித்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை. சனிக்கிழமை வாரக்கூலி வாங்கியதும் அதை முதலில் வீட்டில் கொடுத்துவிடுவது எல்லாவற்றையும் விட நல்லது. கையில் காசு இல்லாதவரை எந்த மேஜையும் கூப்பிடுவதில்லை.