போர்டு பெருசானா வேகம் பெருசாகுமா?



சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறேன் என்று ஹாஸ்டலில் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு யோசனை வரும். "மதர்போர்டு பெருசா வாங்குடா, அதான் பவர்!" என்பது ஒரு கட்சி. "டிபன் பாக்ஸ் மாதிரி சின்னதா வாங்கு, அதான் அழகு!" என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. நடுவில் இருக்கும் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டுதான் நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அளவைப் பார்ப்போம். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். போர்டு 305-க்கு 244 மி.மீ. 1997-ல் வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244-க்கு 244. வியா நிறுவனம் 2001-ல் அறிமுகப்படுத்திய மினி ஐ.டி.எக்ஸ். 170-க்கு 170.

இந்த அளவுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது! ஒரே பிராசஸர், ஒரே ராம், ஒரே சிப்செட் என்றால் மூன்றும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடும். மாறுவது, பிற்பாடு எதையாவது சேர்ப்பதற்கான இடம்தான். கார்டு போடும் ஸ்லாட் ஏ.டி.எக்ஸ்.-ல் 7 வரை வரும். மைக்ரோவில் 4 வரை. மினியில் ஒன்றே ஒன்று.

ஏழு ஸ்லாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்? சவுண்டும் நெட்வொர்க்கும் இப்போது போர்டிலேயே வந்துவிடுகின்றன. கிராபிக்ஸ் கார்டு ஒன்று, மிஞ்சிப்போனால் வைஃபை கார்டு ஒன்று. மினியிலோ கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கதை முடிந்தது! சின்னதாச்சே, விலை குறையும் என்றும் நினைக்க வேண்டாம். எல்லாவற்றையும் நெருக்கி அமைப்பதால், அதே வசதிக்கு விலை பெரும்பாலும் கூடத்தான் இருக்கும்.

நம்மில் பலரால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்க முடியாது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா சீட்டு எடுத்துத் தந்தால்தான் எனக்குக் கம்ப்யூட்டர். இந்தச் சீட்டில் ஒரு ராம், அடுத்த சீட்டில் இன்னொன்று என்றுதான் வளர்க்க முடியும். மினியில் ராம் ஸ்லாட் பொதுவாக இரண்டுதான். மைக்ரோவில் நான்கு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பழையதைக் கழற்றாமலே சேர்த்துக்கொண்டு போகலாம். விலை குறைந்த மைக்ரோ போர்டுகளிலும் இரண்டுதான் இருக்கும். எண்ணிப் பார்த்து வாங்குங்கள்!

இன்னொரு லாபமும் உண்டு. மைக்ரோ போர்டை ஏ.டி.எக்ஸ். கேபினெட்டிலும் திருகலாம், திருகுத் துளைகள் பொருந்தும். எனவே யாரோ கழித்த பழைய கேபினெட்டே போதும். பெரிய போர்டைச் சின்னக் கேபினெட்டில் திணிக்க முடியுமா?

ரிச்சி தெருவுக்குப் போனால் கடைக்காரர், "பட்ஜெட் எவ்வளவு தம்பி?" என்பார். "எத்தனை ஸ்லாட் அண்ணே?" என்று நாம் திருப்பிக் கேட்போம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள் பெரியவர்கள். அந்தஸ்துக்காக அல்ல, தேவைக்காக வாங்குவோம்! வீட்டார் பணத்தின் அருமை நமக்குத் தெரியாதா என்ன?

— இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் துறை