மிட்டுவுக்குத் தமிழில் ஒரு பெயர்

2020 ஜூன் தொடக்கத்தில் கேரளம் முழுக்க ஒரு பூனைக் கதை ஓடியது. கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் பூட்டிக் கிடக்க, கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான கைட் விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியிருந்தன. ஒன்றாம் வகுப்புக்கு வந்த டீச்சர் மிட்டு, தங்கு என்று இரண்டு பூனைகளைக் கூட்டி வந்தார். கண்ணை உருட்டி, குரலை மாற்றி அவர் சொன்ன கதை கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. கேலி பேசிய பெரியவர்களும் உண்டு. பிள்ளைகளோ பூனைகளோடு போய்விட்டார்கள்.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும், இடுக்கியின் மூணாறு, மறையூர், வட்டவடைப் பக்கமும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கான பாடங்களைத் தமிழில் தயாரித்து யூடியூபில் ஏற்றினார்கள். அவசரக் காலத்தில் அது லேசான வேலையல்ல. ஆனால் திரை பேசியது, பிள்ளை கேட்டது, அதோடு சரி.

கேட்பதற்கும் ரேஞ்ச் வேண்டுமே! ராஜமலை எஸ்டேட் பிள்ளைகள் ரேஞ்ச் தேடி இரவிகுளம் சாலைவரை போய் உட்கார்ந்து படித்தது அப்போது செய்தியானது. 2020 ஆகஸ்ட் 6 இரவு அதே ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவு வந்து தொழிலாளர் குடியிருப்பு லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது உயிர்களைக் கொண்டுபோன அந்த நிலச்சரிவின் சேதி, தொடர்பு இல்லாததால், வெளியே தெரிய மறுநாள் காலையாயிற்று. ஆன்லைன் வகுப்புக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் இந்த மலைகளில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நடந்து பார்க்க வேண்டும்.

ஆனால் பிள்ளைகளே கதை கட்டும் படைப்பூக்கத்துக்கு அவ்வளவு டேட்டா செலவாகாது. பாலக்காட்டு மண்ணிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. அங்குள்ள பகவதி கோயில் கூத்துமாடங்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து, கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடி நடத்தும் கலை. கூனத்தறை ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தக் கூத்துக்காகத்தான். ஒரு வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு, நடுவே பாவை. வகுப்பறையில் விளக்குக்குப் பதில் கைப்பேசி டார்ச், தோலுக்குப் பதில் பழைய நோட்டின் அட்டை. ஒரு பிள்ளை பாவையை ஆட்ட, இன்னொன்று குரல் கொடுக்க, டீச்சர் இரண்டு நிமிடக் குரலைப் பதிவு செய்தால் வாட்ஸப்பில் சுலபமாகப் போய்விடும். ரேஞ்ச் இப்போது இல்லையென்றால் சாயங்காலம் போகட்டும்.

கொழிஞ்சாம்பாறைப் பிள்ளை பனங்காட்டில் தொடங்கிய கதையை, மறையூர்ப் பிள்ளை கரும்புத் தோட்டத்துக்கும் பழங்காலக் கற்திட்டைகளான முனியறைகளுக்கும் இழுத்துப் போய் முடிக்கலாம். ஒரே மாநிலத்தில் ஒரே தமிழ்ப் புத்தகத்தைப் படிக்கும் இந்த இரு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வழியில்லை. 'முனியறை என்றால் என்ன?' என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேள்வி வரும். மறையூர்ப் பிள்ளை பாட்டியிடம் விசாரித்துவிட்டுப் பதில் பேசி அனுப்பும். இணையம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். மற்றதெல்லாம் அட்டை, பசை, வாய்.

கருவிக்கும் பஞ்சமில்லை. 2019இல் தொடங்கிய ஹைடெக் திட்டத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வந்தன. ஒன்று முதல் நான்காம் வகுப்புவரைக்கான கணினிப் பாடநூலுக்கு 'களிப்பெட்டி' என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். மலையாளத்தில் விளையாட்டுப் பெட்டி என்று பொருள். அதிலுள்ள வரையும் விளையாட்டுகளுக்கு இணையமே வேண்டாம். பெட்டியைத் திறந்து பிள்ளை கையில் கொடுக்கத்தான் சில பள்ளிகளில் பயம்; உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது? அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் மேலதிகாரிகள். டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கைட் அமைப்பின் பாலக்காடு, இடுக்கி அலுவலகங்கள் மாதம் ஒரு மணி நேரத்தைத் தமிழ்வழிப் பிள்ளைகளின் குரலுக்கு ஒதுக்கட்டும். மொழிபெயர்த்த பாடம் வேண்டாம், அவர்களே கட்டிய கதை போதும். முதல் கதை வேண்டுமானால் பூனைக் கதையாகவே இருக்கட்டும். பெயரை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.